மிக்ஸி ஓடும் வீடுகள்

ஒரு வீட்டில் காய்ச்சல் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எனக்குத் தெர்மாமீட்டர் தேவைப்படவில்லை. மாநகராட்சியின் கொரோனா கணக்கெடுப்பு வேலைக்குச் சேர்ந்த பத்தே நாளில் அது பழகிவிட்டது. கேட்டுக்கு வெளியே நின்று, "வீட்ல யாருக்காச்சும் காய்ச்சல், இருமல், தொண்டை வலி, மூச்சு வாங்கறது, வாசனை தெரியாம போறது?" என்று ஒரே இழுப்பில் கேட்பேன். ஒன்றும் இல்லாத வீட்டில் பதில் சலிப்போடு வரும். "நேத்தும் இல்ல, இன்னைக்கும் இல்ல, நாளைக்கும் இல்லன்னு எழுதிக்கோம்மா." ஏதோ இருக்கிற வீட்டில் முதலில் ஒரு மௌனம் வரும். கதவைத் திறந்தவர் என்னைப் பார்க்காமல் ஒரு கணம் உள்ளே திரும்பிப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் "இல்லை" வரும்.

அந்தக் கணத்தை எழுத என் படிவத்தில் இடம் கிடையாது. "இல்லை" என்றே எழுதுவேன்.

இன்னொன்றும் தெரியும். பதினோரு மணிக்கு நான் தெருவுக்குள் நுழையும்போது சில வீடுகளில் மிக்ஸி ஓட ஆரம்பிக்கும். சமையல் முடிந்து பாத்திரம் கழுவி வைக்கிற நேரம் அது. அந்த நேரத்தில் எதை அரைக்கிறார்கள்? மிக்ஸி நிற்கும்வரை வாசலில் நின்றால் உள்ளே இருமுகிறவரின் சத்தம் கேட்டுவிடும். நான் நின்றதில்லை. நாளொன்றுக்கு நூற்றிருபது வீடு.

யாரும் தெரியாமல் செய்வதில்லை. மாட வீதிகளிலும் அவற்றின் சந்துகளிலும் நான் கேட்ட எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும், எத்தனை வினாடி கை கழுவ வேண்டும், வைரஸ் அட்டைப்பெட்டியில் எத்தனை மணி நேரம் உயிரோடு இருக்கும். என்னைவிட நன்றாகச் சொன்னார்கள். அவர்களுக்கு நோயைப் பற்றிய பயமும் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய பயம் தகரத்தைப் பற்றியது. ஒரு வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டால் வாசலில் தகரம் அடித்து மூடினார்கள். பக்கத்துச் சந்தில் அடித்த தகரத்தைக் காய்கறி வாங்கப் போகும்போது எல்லாரும் பார்த்துவிட்டு வந்தார்கள். நோயைக் கண்ணால் பார்க்க முடியாது. தகரத்தைப் பார்க்க முடியும்.

நாங்கள் குடியிருக்கும் ஸ்டோர் கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் சந்தில் இருக்கிறது. ஏழு குடித்தனம். நடுவில் நீளமாக ஒரு நடை, கடைசியில் ஒரு குழாய், இரண்டு கழிவறை, ஒரு மருதாணிச் செடி. வெளியே போக ஒரே கேட். ஒரு வீட்டுக்குத் தகரம் என்றால் ஏழு வீட்டுக்கும் தகரம்.

ஏப்ரல் மாதம் டிவியில் டெல்லி மாநாட்டுக்குப் போன முஸ்லிம்களால் நோய் பரவுகிறது என்ற ஒரே செய்தியைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த வாரத்தில், எதிர்ப் போர்ஷன் ராஜரத்தினம் என் கணவர் நதீமிடம் கேட்டார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குரலைத் தாழ்த்தத் தெரியாது.

"நைனா, நீ டெல்லி கில்லி போய்ட்டு வர்லியே?"

"நான் தி.நகர் தாண்டி எங்கண்ணே போயிக்கிறேன்? புடவை மடிக்கிறவன்."

ராஜரத்தினம் சிரித்தார். நதீமும் சிரித்தார். பதினேழு வருடமாக எதிர் எதிரே இருக்கிறவர்கள். உள்ளே வந்து நதீம் கதவைச் சாத்தினார். "வஜீ, இந்த ஸ்டோர்ல மொத ஆளு நம்ம வீடா இருக்கக் கூடாது" என்றார். நோயை ஏதோ வரிசை போலச் சொன்னார். ஆனால் அவர் சொன்னது எனக்குப் புரிந்தது.

ஜூன் மாதம் இரண்டாவது வாரம் என் மாமியார் ஜைதூன் பீக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் இருந்தது, போய்விட்டது. "வெயிலு" என்றார் மாமி. நாங்களும் வெயில் என்றோம். மூன்றாம் நாள் காலை டீயைக் குடித்துவிட்டு, "இஞ்சி தீந்து போச்சா?" என்று கேட்டார்.

இஞ்சி தட்டிப் போட்டிருந்தேன். டம்ளரிலிருந்து வந்த மணம் நான் நின்ற இடம்வரை வந்துகொண்டிருந்தது. நதீம் என்னைப் பார்த்தார். நான் டம்ளரைப் பார்த்தேன்.

"தீந்து போச்சு மாமி" என்றேன்.

களப்பணியாளர்கள் தங்கள் வீட்டையும் படிவத்தில் சேர்த்து எழுத வேண்டும். என் பட்டியலில் எங்கள் போர்ஷன் நாற்பத்தியோராவது. மற்ற நூற்றுப் பத்தொன்பது வீடுகளிலும் வாசலில் நின்று கேட்டேன். நாற்பத்தியொன்றில் கேட்காமலே "இல்லை" என்று எழுதினேன். மாமிக்கு இருமல் ஆரம்பித்தது அன்று மாலைதான். வறட்டு இருமல். முதல் முறை கேட்டதும் நதீம் எழுந்து போய், ஒன்றும் இல்லாத ஜாரை மிக்ஸியில் வைத்துத் திருகினார்.

எங்கள் மகள் சிம்ரா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. அவளுக்கும் தெரிந்துவிட்டது.

மறுநாள், வேலைக்குக் கொடுத்திருந்த ஆக்சிமீட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். துணிக் கிளிப் போல இருக்கும். விரலில் மாட்டினால் ரத்தத்தில் எவ்வளவு பிராணவாயு இருக்கிறது என்று எண் காட்டும். தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டும். மாமி பாயில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். வலது கையைப் பிடித்து ஆள்காட்டி விரலில் மாட்டினேன்.

எண்பத்தாறு.

நான் எண்ணைப் பார்த்தேன். பிறகு நகத்தைப் பார்த்தேன். ரம்ஜானுக்கு வைத்த மருதாணி தோலில் போய்விட்டது, நகத்தில் போகவில்லை. மாமிக்குக் கோலம் போட்ட கை பிடிக்காது. பத்து விரலுக்கும் நுனியில் தொப்பி வைத்தாக வேண்டும், நகம் முழுக்க மூடுகிற மாதிரி. மூன்று வாரம் கழித்தும் பத்து நகமும் செங்கல் நிறத்தில் இருந்தன.

"மருதாணி" என்றேன்.

"இன்னாது?" என்றார் நதீம்.

"மருதாணி இருந்தா மிஷின் தப்பு காட்டும். ட்ரெயினிங்ல கதிரேசன் சார் சொன்னாரு."

கதிரேசன் எங்கள் மேற்பார்வையாளர். உண்மையாகவே சொல்லியிருந்தார். அந்த வாக்கியம் என் நோட்டில் இருந்தது. எடுத்துக் காட்டினேன். நதீம் அதைப் படித்தார். பெருமூச்சு விட்டு, சுவரில் சாய்ந்து, வாய்விட்டுச் சிரித்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன்.

"பார்த்தியாம்மா, உன் ஃபேஷனால எங்க உயிரு போச்சு."

"ஏன்டா, அறுவது வயசுல ஒரு மருதாணி வெச்சிக்கக் கூடாதா? அந்த மிஷினைக் கண்டுபிடிச்சவனுக்குப் பொண்டாட்டி இல்ல போல."

அதன் பிறகு நாங்கள் செய்ததை நினைத்தால் இப்போதும் என் கைகள் எனக்கே அந்நியமாகத் தெரிகின்றன. எலுமிச்சம்பழத்தை வெட்டி அந்த நகத்தைத் தேய்த்தோம். சோப்புத்தூளில் ஊற வைத்தோம். நதீம் பிளேடை எடுத்து, மண்டியிட்டு உட்கார்ந்து, தன் தாயின் நகத்தை மெல்லச் சுரண்டினார். "சுரண்டு, சுரண்டு. நாளைக்கு நான் செத்தா மய்யித்தக் குளிப்பாட்ட வர்றவ இன்னாடி இது பாதி நகம்னு கேப்பா" என்றார் மாமி. சொல்லிவிட்டு இருமினார். மறுபடி மாட்டினேன். எண்பத்தேழு.

"ஏறுது பாரு" என்றார் நதீம்.

நானும் ஆமாம் என்றேன். மாமியைப் பார்த்தால் மூச்சுத் திணறுகிற ஆள் போலவே இல்லை. பேசினார், கீரை உருவினார், என்னைக் கிண்டல் செய்தார். உதடு மட்டும் கொஞ்சம் கறுத்திருந்தது. அதை வெற்றிலை என்று நினைத்துக்கொண்டேன். மாமி வெற்றிலை போட்டு ஒரு வாரமாகியிருந்தது.

அன்று மாலை குழாயடியில் ராஜரத்தினம் கேட்டார். "இன்னாம்மா வஜீஹா, உங்க வூட்ல யாரோ இருமுனாப்ல கீதே?"

"மிளகா வறுத்தேண்ணே."

"அதான பார்த்தேன். நம்ம ஸ்டோருக்குள்ளல்லாம் வராதும்மா. டெய்லி கபசுரக் குடிநீர், காலைல வெந்நீர், வாசல்ல மஞ்சத் தண்ணி. எனக்கு ஒருத்தன் வீடியோ அனுப்பிக்கிறான், பாரு, உனக்கும் அனுப்பறேன்."

அவர் பேசும்போது நடுநடுவே நின்று நின்று பேசினார். கண்டக்டராக இருந்தவர் ஒரு வாக்கியத்துக்கு இரண்டு இடத்தில் நின்றார். அதை நான் கவனித்தேன், ஆனால் எடுத்துக்கொள்ளவில்லை. என் கவனமெல்லாம் நான் சொன்ன மிளகாயை அவர் நம்பினாரா என்பதில் இருந்தது.

அடுத்த நாள் பத்தரை மணி. வெயில் ஏறிவிட்டது. இருபது வீடு முடித்துவிட்டு, கோயில் குளத்தின் மேற்குப் பக்கம் கம்பி வேலியோரம் நிழலில் உட்கார்ந்தேன். கோயில் மூடியிருந்தது. குளத்தைச் சுற்றி எப்போதும் கேட்கிற ஆட்டோ சத்தமும் பூக்காரர்கள் குரலும் இல்லை. தண்ணீரில் காற்று படுகிற சத்தம்கூடக் கேட்டது. கையுறையைக் கழற்றிக் கிருமிநாசினியை ஊற்றித் தேய்த்தேன். அப்போதுதான் என் கையைப் பார்த்தேன்.

பத்து நகமும் செங்கல் நிறம்.

ரம்ஜானுக்கு முதல் நாள் செடியிலிருந்து உருவி, ஒரே கிண்ணத்தில் அரைத்து, சிம்ரா எனக்கும் மாமிக்கும் பக்கம் பக்கமாக உட்கார வைத்துத் தொப்பி வைத்தாள். ஒரே இலை. ஒரே கிண்ணம். ஒரே அளவு.

பையிலிருந்து ஆக்சிமீட்டரை எடுத்தேன். எடுத்த பிறகு உடனே மாட்டவில்லை. மாட்டினால் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு தெரியாத நிலைக்குத் திரும்ப முடியாது. பிறகு வலது ஆள்காட்டி விரலில் மாட்டினேன்.

தொண்ணூற்றெட்டு.

நடுவிரல், தொண்ணூற்றெட்டு. இடது கை, தொண்ணூற்றேழு. கட்டை விரல், தொண்ணூற்றெட்டு. பத்து விரலையும் பார்த்தேன். ஒன்றாவது என்னைக் காப்பாற்றும் என்று பார்த்தேன்.

கதிரேசன் சொன்ன வாக்கியத்தின் மறுபாதி அப்போது ஞாபகம் வந்தது. "மருதாணி, நெயில் பாலிஷ் இருந்தா சில சமயம் தப்பு காட்டும். வேற விரல் பாருங்க, காது மடல் பாருங்க. அப்பவும் கம்மின்னா தப்புன்னு நினைக்காதீங்க, எனக்குச் சொல்லுங்க." முதல் பாதியை நோட்டில் எழுதிக்கொண்டிருந்ததில் மறுபாதி காதில் விழுந்தும் கைக்கு வரவில்லை. நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். கடந்த பத்து நாளில் எண் குறைவாகக் காட்டிய ஆறு வீட்டுக்கு எதிரே என் கையெழுத்தில் "மருதாணி" என்று எழுதியிருந்தது. ஆறு பெண்கள்.

வீட்டுக்கு நடந்தேன். நான் ஸ்டோருக்குள் நுழையும்போது எங்கோ மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. மாமி பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். எந்த விரலிலும் மாட்டவில்லை. காதுத் தோட்டைக் கழற்றிவிட்டு மடலில் பிடித்தேன். எண் நிலைக்க நேரமாயிற்று. எண்பத்திரண்டு.

"நகமே இல்லாத இடம்" என்று நதீமிடம் சொன்னேன். என் கையை நீட்டிக் கிளிப்பை மாட்டிக் காட்டினேன். "அதே மருதாணி."

அவர் இரண்டு எண்ணையும் பார்த்தார். "சொன்னா இன்னா ஆவும்னு தெரியும்ல? ஸ்டோர்ல மீதி ஆறு வூட்டுக்காரனும் நம்ம மூஞ்சியத்தான் பாப்பான். 'பார்த்தியா, பாய் வூட்லருந்துதான்'னு சொல்லுவான். பதினேழு வருஷம் வஜீ."

"மாமிக்கு எவ்ளோ நாள் இருக்குன்னு தெரியலியே" என்றேன்.

மாமி கண்ணைத் திறக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார். "எனக்கு ஒண்ணும் இல்லடா. மூச்சு நல்லாத்தான் கீது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போனா திருப்பிக் குடுக்க மாட்டாங்களாம். பிளாஸ்டிக்ல சுத்தி, குளிப்பாட்டாம, யாரும் பாக்காம... நான் போ மாட்டேன்."

அவர் சொன்னது பொய் என்று என்னால் சொல்ல முடியாது. அப்படி நடந்ததாக எல்லாரும் பேசினார்கள். எவ்வளவு உண்மை என்று எனக்குத் தெரியாது. சந்தில் இருக்கிற பெண் பிள்ளைகளுக்கு மாமிதான் ஓதக் கற்றுக்கொடுத்தவர். குர்ஆனின் முதல் அத்தியாயமான பாத்திஹாவை ஒரே மூச்சில் ஓதிக் காட்டி, "உங்களால முடியுமா?" என்று அவர்களிடம் பந்தயம் கட்டுவார். நல்ல நெஞ்சு.

"மாமி, பாத்திஹா ஒரே மூச்சுல ஓதுங்க. ஓதிட்டா நான் யாருக்கும் சொல்லல."

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். எழுந்து உட்கார்ந்து, தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு ஆரம்பித்தார். இரண்டாவது வசனத்தில் நின்றார். மூச்சை இழுத்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். மறுபடி அதே இடம். மூன்றாவது முறை வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை.

எதிர்ப் போர்ஷனில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

மாமி, நதீம் சுரண்டிய நகத்தைச் சற்று நேரம் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "புர்காவ எடு புள்ள" என்றார்.

கதிரேசனுக்குப் போன் செய்தேன். மாமியின் எண்ணைச் சொன்னேன், ஆறு வீட்டு நம்பரையும் சொன்னேன். "எத்தனை?" என்றார். "ஆறு சார்." பிறகு, "ஆம்புலன்ஸ் அனுப்பறேன். மத்த வீட்டுக்கு நான் இப்பவே ஆள் விடறேன்" என்றார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் நானே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. நடையின் நடுவில், ஏழு கதவுக்கும் பொதுவாக நின்றேன். தினமும் அந்நியர் வீட்டு வாசலில் நிற்பது போலத்தான் நின்றேன்.

"எங்க மாமிக்கு வந்திருக்கு. நாலஞ்சு நாளா இருக்கு. நான்தான் மறைச்சேன். ஆம்புலன்ஸ் வருது."

கதவுகள் திறந்தன. ராஜரத்தினம் முகக்கவசத்தை மூக்குக்குக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார். "இன்னாம்மா இது? மொதல்லியே சொல்லக் கூடாதா?" என்றார். அடுத்த மூச்சில், "இப்ப ஏம்மா சொன்ன? தகரம் அடிச்சிருவான்!" என்றார். மூன்றாவதாக ஏதோ சொல்ல வந்தார், மூச்சு பற்றவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குப் பின்னால், அடுப்படியில் அவர் மனைவி சீதா நின்றிருந்தார். மிக்ஸி ஓடிக்கொண்டே இருந்தது. சீதாக்காவின் கை அதன் திருகின் மேல் இருந்தது.

மணி பன்னிரண்டு.

"சீதாக்கா, என்ன அரைக்கிறீங்க?"

சீதாக்கா என்னைப் பார்க்கவில்லை. கணவரின் முதுகைப் பார்த்தார். அந்தக் கணம் எனக்குத் தெரியும். நூற்றிருபது வீட்டில் பார்த்தது. பிறகு மிக்ஸியை நிறுத்தினார். வெற்று ஜாருக்குள் கத்தி கொஞ்ச நேரம் சுற்றி நின்றது.

"அஞ்சு நாளா, வஜீஹா" என்றார். "மொத ஆளு நாம இருக்க வேணாம்னு இவருதான் சொன்னாரு."

ராஜரத்தினம் அவரை அதட்டவில்லை. நதீம் எங்கள் வாசலில் நின்று அதைக் கேட்டார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த முறை இருவரும் சிரிக்கவில்லை. கிளிப்பைத் துடைத்து நடையில் ஒரு ஸ்டூலின் மேல் வைத்துவிட்டு ஒதுங்கினேன். சீதாக்கா வந்து எடுத்துப் போனார். ராஜரத்தினத்துக்குத் தொண்ணூற்று மூன்று.

மாமி நடந்தே போனார். கேட்டருகே நின்று, திரும்பாமல், "டீக்கு இஞ்சி வாங்கி வை" என்றார், கிண்டல் குரலில். இஞ்சி வீட்டில் இருந்தது என்பது அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

மூன்று மணிக்குத் தகரம் அடித்தார்கள். கேட்டின் மேல் கட்டைகளைக் குறுக்கே வைத்து, இரண்டு பெரிய தகடுகளைச் சேர்த்து ஆணி அடித்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் ஏழு போர்ஷனின் சுவரும் அதிர்ந்தது. நடைக்குள் வந்துகொண்டிருந்த தெரு வெளிச்சம் முதலில் பாதியானது, பிறகு ஒரு கோடானது. எல்லாரும் அவரவர் வாசலில் நின்று பார்த்தார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. யாரும் என்னிடம் பேசவும் இல்லை.

தகரம் அடித்து இன்று ஐந்தாவது நாள். அந்த ஆறு பெண்களில் ஐந்து பேருக்கு ஒன்றும் இல்லை என்று கதிரேசன் சொன்னார். ஆறாமவரைப் பற்றிக் கேட்டால் "பாத்துக்கறாங்கம்மா" என்கிறார், அதற்கு மேல் சொல்வதில்லை. காலையில் நான் நடையில் நின்று அதே ஐந்து கேள்வியைக் கேட்கிறேன். ஏழு வீட்டிலிருந்தும் பதில் வருகிறது. "எனக்குத் தொண்டை கரகரங்குது." "இவருக்கு இன்னைக்குத் தொண்ணூத்தஞ்சு." ஒவ்வொன்றையும் எழுதுகிறேன். நதீம் என்னோடு தேவைக்கு மட்டும் பேசுகிறார். சாப்பிட்டியா என்கிறார். குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்கிறார். பிளேடை எங்கேயோ தூக்கிப் போட்டுவிட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து தினமும் நான்கு மணிக்கு ஒரு நர்ஸ் போன் செய்வார். மாமியின் எண்ணை மட்டும் சொல்வார். முதல் நாள் எண்பத்து மூன்று. அப்புறம் எண்பத்தாறு. எண்பத்தெட்டு. நேற்று எண்பத்தைந்து. எண் வந்ததும் நடைக்கு வந்து சொல்வேன். ஏழு வாசலிலும் காத்திருப்பார்கள்.

இப்போது நாலு இருபது. போன் என் மடியில் இருக்கிறது. சிம்ரா அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். எதிர் வாசலில் ராஜரத்தினம் உட்கார்ந்திருக்கிறார், இருமல் வருகிறது, துண்டை வாயில் அழுத்திப் பிடித்துக்கொள்கிறார். மணி அடித்தால் கேட்க வேண்டும் என்று யாரும் டிவி போடவில்லை. எந்த வீட்டிலும் மிக்ஸி ஓடவில்லை.